மருந்து படாத தண்ணீர்

அத்தியாயம் பதினான்கு

"சந்திரமதிக்குக் கல்யாணம் ஆகுமா ஆகாதா, ஒரே வார்த்தையில் சொல்லித் தொலையுங்கள்" என்று சித்தியவானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமாக இருந்தால் நான் எதற்காக வாராவாரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன்? அம்மையார் இந்த வாரமும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியா பார்முக்குக் கீழே கரும்பாறைத் தோட்டத்தில் சிவசாமி டிரஸ்ஸர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதும் மருந்து கலக்குவதும் அவர்தான். உண்மையான டாக்டர் எப்போதாவது தாப்பாவிலிருந்து மலையேறி வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிடுவார். சிவசாமியின் மனைவி பரமேஸ்வரி, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. பரமேஸ்வரியின் தம்பி செல்வராஜு, ஈப்போவில் ஒரு பம்பு கம்பெனியில் மெக்கானிக். சிவசாமியின் தங்கை சந்திரமதி, வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகையில் அவற்றைப் பார்த்துக்கொள்பவள். செல்வராஜுவுக்கும் சந்திரமதிக்கும் பேசி முடித்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பரிசம்.

குறுக்கே வந்தது ஒரு பம்பு.

தோட்டத்துக்குக் குடிதண்ணீர் ஓடையிலிருந்து வருகிறது. மேலே காட்டை வெட்டிக் காய்கறி போட்ட நாளிலிருந்து, மழை இல்லாத மாதத்திலும் அந்த ஓடை செம்மண் நிறத்தில்தான் ஓடுகிறது. கோழி எருவும் அதில்தான் இறங்குகிறது. அதனால் பள்ளத்தில் இருக்கும் பம்பு வீட்டில் தண்ணீரை மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து, மேட்டுக்குத் தள்ளுகிறார்கள். குளோரினுக்கு லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், 'மருந்து' என்று பெயர். போன வருஷம் வரை ஒரு பீப்பாயும் அதன் அடியில் ஒரு குழாயும்தான் மருந்து ஊற்றும் ஏற்பாடு. சொட்டுச் சொட்டாக விழும். சில நாள் விழாது. தண்ணீரில் மருந்து சரியாக இல்லை என்று அப்போது யாரும் புகார் சொல்லவில்லை. எது சரி என்று யாருக்கும் தெரியாததுதான் காரணம்.

பீப்பாயைத் தூக்கிவிட்டு, அளந்து ஊற்றுகிற சின்ன பம்பு ஒன்றை வைக்கலாம் என்று தோட்ட மேனேஜரான பெரிய துரையிடம் பேசி ஆர்டர் வாங்கியவன் செல்வராஜு. அவன் சொந்தமாக வாங்கிய முதல் ஆர்டர் அது. "பம்பு திரும்பி வந்தால் நீயும் அதோடு வீட்டுக்குப் போ" என்று கம்பெனி முதலாளியான ஈப்போ தவுக்கே சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தவுக்கேமார் சிரித்துக்கொண்டே சொல்வதெல்லாம் நடக்கும்.

பம்பு வந்தது. ஆடி பிறந்தது. ஆடி பிறந்ததிலிருந்து தண்ணீருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு நாள் மருந்தே இருக்காது, மறுநாள் மூக்கை எரிக்கும். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். "வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்து சொல்லுங்கள், இந்தப் பம்பை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா" என்று பெரிய துரை சிவசாமியிடம் கேட்டுவிட்டார். வேலையில்லாத மாப்பிள்ளைக்குப் பெண் இல்லை என்று சிவசாமியின் தாயார் தங்கம்மாளும் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

◆

சிவசாமி ஆஸ்பத்திரிக் குழாயைத் திறந்து, விரல் தடிமன் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்தார். இரண்டு சொட்டு சோதனைத் திரவம் விட்டுக் குலுக்கினார். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறவேண்டும். இது மாறவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார். கண்ணாடி சுத்தமானதைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

"பசியாறிட்டீங்களா மச்சான்?" என்றபடி செல்வராஜு வந்தான். தாப்பாவிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வந்தவன். கையில் கருவிப் பை, முகத்தில் தூக்கமின்மை.

சிவசாமி குழலை நீட்டினார்.

செல்வராஜு பார்த்தான். "ஒண்ணுமே இல்ல."

"அதான் நானும் சொல்றேன். ஒண்ணுமே இல்ல. நாளைக்குப் பாரு, கண்ணு எரியும். உன் பம்புக்கு நெனச்சா நெனப்புலா."

"மச்சான், நான் ரெண்டு தடவ வந்து அளந்து பாத்துட்டேன். சொட்டு கூட மாறல."

"நீ வர்றப்ப மாறாது. நீ போனதும் மாறும்."

சிவசாமி கெட்டவர் அல்ல. மூன்று வாரமாகப் பிள்ளைகளைப் பெற்ற பெண்கள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவரைப் பார்க்கிற பார்வையில் நொந்துபோயிருந்தார். யார் மேலாவது கோபப்பட வேண்டும். மச்சினன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான்.

"வாங்க, பம்பு வீட்டுக்குப் போயி பாத்துரலாம்" என்றான் செல்வராஜு. "நான் இதுவரைக்கும் செவ்வாயும் புதனுமாத்தான் வந்திருக்கேன். இன்னிக்கு என்ன கூத்து பண்ணுதுன்னு பாப்போம்."

இந்த இடத்தில் புத்திசாலி வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். சிவசாமியும் புத்திசாலிதான். ஆனால் அவர் கோளாறை இயந்திரத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்ததால், கிழமையை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

தேயிலைச் சரிவில் இறங்கும் படிக்கட்டு ஈரமாக இருந்தது. கீழே பெரிய மோட்டார் இரைகிற சத்தம் கேட்டது. பம்பு வீட்டு வாசலில் பக்கிரிசாமி நெற்றி நிறைய விபூதியோடு நின்றிருந்தார். அந்த மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. செல்வராஜுவின் சின்ன பம்பையும் இப்போது அவரிடம்தான் ஒப்படைத்திருந்தார்கள்.

செல்வராஜு உள்ளே போனான். பெரிய மோட்டார் தண்ணீரை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவனுடைய சின்ன பம்பு அசையாமல் கிடந்தது. சுவிட்சு மேலே தூக்கியிருந்தது.

"அண்ணே, இதை யாரு நிறுத்துனா?"

"நாந்தான்" என்றார் பக்கிரிசாமி.

"ஏன்?"

பக்கிரிசாமி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைல்ல!"

செல்வராஜு சிவசாமியைத் திரும்பிப் பார்த்தான். சிவசாமி பக்கிரிசாமியைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைன்னா?" என்றார் சிவசாமி.

"என்னய்யா இப்படிக் கேக்குறீங்க? ஆடி வெள்ளி. சாயங்காலம் கோயில்ல அபிஷேகம். மாரியாத்தாளுக்கு மருந்து படாத தண்ணிதான் ஊத்தணும்னு பெரியம்மா சொல்லி விட்டாங்க. வெடியிறதுக்குள்ள நிறுத்திருவேன். பொழுது சாயக் கோயில் தொட்டி ரொம்பினதும் போட்டு விட்டுருவேன்."

பெரியம்மா என்றால் தங்கம்மாள். டிரஸ்ஸரின் தாயார் சொன்னால் டிரஸ்ஸர் சொன்ன மாதிரி. பக்கிரிசாமி அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"அப்ப சனிக்கிழமை கண்ணு எரியுதே, அது?"

பக்கிரிசாமியின் முகத்தில் பெருமை வந்தது. "நான் மருந்து ஒரு சொட்டு குறைச்சதில்லய்யா. பகல் முழுக்க விட்டுப்போனதையும் சேத்து ஊத்திருவேன். ராத்திரிக்கு நம்பர ரெண்டு மடங்கா திருப்பி வச்சிருவேன். கணக்கு நேராயிரும்ல?"

"இப்படிச் செய்யச் சொன்னது யாரு?"

"நீங்கதான்."

"நானா!"

"என் சம்சாரத்துக்குச் சத்து மாத்திரை குடுத்தப்ப சொன்னீங்களே. காலையில மறந்துட்டா மத்தியானம் ரெண்டாப் போட்டுக்க, ஒண்ணும் செய்யாதுன்னு."

சிவசாமிக்கு நினைவு வந்தது. சொன்னது உண்மை. சத்து மாத்திரைக்கு அது பொருந்தும். ஆனால் காலையில் மருந்தில்லாத தண்ணீரைக் குடித்த பிள்ளைக்கு, ராத்திரி இரண்டு பங்கு ஊற்றி என்ன பயன்? காலையில் உள்ளே போன கிருமி ராத்திரி வரை காத்திருக்காது. இதை அவர் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. ஊருக்கே மருந்து கலக்கிக் கொடுக்கிற மனிதர், அந்த மருந்து தண்ணீருக்குள் என்ன செய்கிறது என்று அதை ஊற்றுகிறவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

செல்வராஜு முதலில் சிரித்தான். பிறகு அவனுக்குக் கோபம் வந்தது.

"மூணு வாரமா என் மேல பழி மச்சான். தவுக்கே மொகத்துல முழிக்க முடியல. நான் ராத்திரியெல்லாம் ரப்பர் கிழிஞ்சிருக்குமோ, காத்து உள்ள போயிருக்குமோன்னு பொரண்டுக்கிட்டுக் கெடந்தேன்!"

சுவிட்சைக் கீழே தட்டினான். பம்பு டக் டக்கென்று நிதானமாக அடிக்க ஆரம்பித்தது. உள்ளே ஒரு ரப்பர் தோல் முன்னும் பின்னும் போய் வரும். ஒவ்வொரு தள்ளலுக்கும் இவ்வளவுதான் மருந்து. எவ்வளவு என்பதை நம்பர் போட்ட ஒரு திருகு தீர்மானிக்கும். மருந்து வரும் வழியில் கோடு போட்ட கண்ணாடிக் குழல் ஒன்றை மாட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். குழலில் மட்டம் கோடு கோடாக இறங்கியது.

"பாருங்க. ஈப்போ பட்டறையில வாளிக்குள்ள ஊத்தி அளந்தா ஒரு கணக்கு வரும். இங்க இவ்வளவு பெரிய மேட்டுக்கு எதிரா தள்ளணும். அதே நம்பருக்குக் கொஞ்சமா வரும். மொத தடவ வந்தப்பவே அதைக் கண்டுபிடிச்சு, இங்கேயே வச்சு அளந்து, நம்பர மாத்திட்டுப் போனேன். இப்ப பாருங்க, கோட்டுல நிக்குது."

கோட்டில்தான் நின்றது. செல்வராஜு திருகைப் பழைய நம்பரிலேயே விட்டான்.

"கோயில் தொட்டி இன்னும் ரொம்பலய்யா" என்றார் பக்கிரிசாமி கவலையோடு.

"ஓடட்டும். ரெண்டு மடங்கெல்லாம் வேணாம்" என்றார் சிவசாமி.

சிவசாமி படியேறினார். பம்பு நல்ல பம்பு என்று தெரிந்ததில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பம்பு நல்லதென்று மூன்று மணிக்குச் சொன்னால், அப்புறம் கெட்டது யார் என்று பெரிய துரை கேட்பார்.

◆

மத்தியானம் வீட்டில் தங்கம்மாள் மஞ்சள் புடவையோடு பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார். பரமேஸ்வரி பள்ளி விட்டு வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சிவசாமி தட்டில் கை வைக்கவில்லை.

"அம்மா, பக்கிரிசாமிகிட்ட பம்பை நிறுத்தச் சொன்னியா?"

"ஆமா" என்றார் தங்கம்மாள், நிமிராமல்.

"எங்கிட்ட கேக்கணும்னு தோணலயா?"

"கேட்டா வேணாம்பே. அதான் கேக்கல."

இப்படிச் சொல்கிற ஆளிடம் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது என்று சிவசாமிக்கு இந்த வயது வரை பிடிபடவில்லை.

தங்கம்மாள் சரத்தை மடியில் வைத்தார். "போன ஆடி நெனப்பிருக்கா? அபிஷேகத் தண்ணியில மருந்து வாடை அடிச்சு, பூசாரியே இருமுனாரு. ஆத்தா தலையில ஆஸ்பத்திரித் தண்ணிய ஊத்துனோம். அதே வாரம் பீடோர் மாப்பிள்ள வீட்டுல வேணாம்னுட்டாங்க. சந்திரா எத்தன நாளு சாப்பிடாமக் கெடந்தா? அன்னிக்கே வேண்டிக்கிட்டேன். இந்த வருசம் ஆடி வெள்ளி அத்தனையும் மருந்து படாத தண்ணி ஊத்துறேன், எம்பொண்ணுக்கு வழிய வுடு தாயேன்னு. ஆடி பொறக்குறதுக்குள்ளயே செல்வம் அமைஞ்சான். வேண்டுதல நெறவேத்த வேணாமா? இன்னிக்குத்தான் கடைசி வெள்ளி."

செல்வராஜு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். தன் கல்யாணத்துக்காகத்தான் தன் பம்பை நிறுத்தினார்கள் என்று கேட்ட பிறகு, அவனுக்கு என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அத்தே, கொட்டாயில பிள்ளைங்களுக்கு வயித்தால போவுது" என்றாள் பரமேஸ்வரி.

"பிள்ளைங்கன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

"நான் வகுப்புல பாதிப் பேர வச்சுக்கிட்டுப் பாடம் நடத்துறேன் அத்தே."

தங்கம்மாள் மகனிடம் திரும்பினார். "இன்னிக்கு ஒரு பொழுதுப்பா. நிறுத்தச் சொல்லு. நாளையிலேருந்து நீ கொடங்கொடமா ஊத்து, நான் ஏன்னு கேக்கல."

"மூணு மணிக்கு தொரை கூப்பிட்டிருக்காரும்மா. பம்பு நல்லதா கெட்டதான்னு சொல்லணும்."

"கெட்டதுன்னு சொல்லிரு. யாருக்கும் நோவில்ல. எம்பேரும் வராது, பக்கிரிசாமி பேரும் வராது."

"பம்பு கெட்டதுன்னு சொன்னா செல்வத்துக்கு வேல போயிரும்."

"சரி."

"வேல போனா நீ பொண்ணு குடுக்க மாட்டே."

தங்கம்மாள் பூவை எடுத்தார், கீழே வைத்தார். அவர் முட்டாள் இல்லை. வேண்டுதல் ஒரு பக்கம், பம்பு ஒரு பக்கம் என்று வேறு வேறு அறையில் வைத்திருந்தார். இரண்டுக்கும் நடுவில் கதவு இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

சந்திரமதி கொட்டகையிலிருந்து வந்தவள் கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். எல்லாம் பிள்ளைகள் நனைத்த துணி. கைகளைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்காகவா?" என்றாள்.

தங்கம்மாள் பூ நூலைச் சிக்கெடுக்கத் தொடங்கினார்.

"பவளத்தக்கா புள்ளைக்குக் கண்ணு உள்ள போயிருச்சும்மா. தானா ரத்தா பெரியாஸ்பத்திரியில கெடக்கு. அது எனக்காகவா?"

"சந்திரா, நான் நல்லதுக்குத்தான்..."

"எனக்கு இந்த நல்லது வேணாம்" என்றாள் சந்திரமதி. திரும்பித் துணி அலசப் போய்விட்டாள்.

பரமேஸ்வரி கணவன் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். "என்னங்க, நீங்க உங்க அம்மாவைக் காப்பாத்தணும்னா எந்தம்பிய விக்கணும். எந்தம்பியக் காப்பாத்தணும்னா பக்கிரிசாமிய விக்கணும். நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வந்து சொல்றப்ப உங்க மொகத்தப் பாப்பேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சிவசாமி மிகவும் பயந்த விஷயம் அதுதான். அவர் சாப்பிடாமலே எழுந்தார்.

◆

பெரிய துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரர்கள் போய்ப் பல வருஷமாகிறது. பட்டம் மட்டும் நாற்காலியோடு தங்கிவிட்டது. இவர் செரம்பான்காரர். அதிகம் பேசாதவர். சிவசாமியையும் செல்வராஜுவையும் உட்காரச் சொன்னார். இங்கிலீஷில்தான் பேசினார்கள், நான் தமிழில் தருகிறேன்.

"பம்பு எப்படி?"

"நல்ல பம்பு. அளவு சொட்டு மாறாமல் வருகிறது."

"தண்ணீரில் மாறுகிறதே."

"வெள்ளிக்கிழமை பகலில் பம்பை நிறுத்தியிருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மடங்கு ஊற்றியிருக்கிறார்கள்."

"யார்?"

சிவசாமி நெற்றியைத் துடைத்தார். மலைக் குளிரில் அவருக்கு வேர்த்தது. ஒரு பெயரைச் சொன்னால் போதும். பக்கிரிசாமி என்ற பெயர் நாக்கு நுனியில் இருந்தது, சொல்லுவதற்கும் சுலபமாக இருந்தது. அந்தப் பெயரோடு பக்கிரிசாமியின் லயத்து வீடும் போய்விடும்.

"உத்தரவு என் வீட்டிலிருந்து போனது."

"உங்கள் வீட்டில் யார்?"

"என் வீடென்றால் நான்தான்."

பெரிய துரை பேனாவை மேசையில் வைத்தார். கோயில், ஆடி மாதம், அபிஷேகம் என்று சிவசாமி விளக்கத் தொடங்கியதும் கையை உயர்த்தினார்.

"தண்ணீரைச் சோதிக்கிற பொறுப்பு உங்களுடையது. அந்தத் தண்ணீரைக் கெடுத்ததும் நீங்கள் என்று சொல்கிறீர்கள். மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும். அப்புறம் உங்களை இங்கேயே வைப்பார்களா, வேறு தோட்டத்துக்குத் தூக்குவார்களா, எனக்குத் தெரியாது."

"சரி."

துரை செல்வராஜுவிடம் திரும்பினார். "உன் பம்பை யாரும் தனியாக நிறுத்த முடியாதபடி செய்ய முடியுமா?"

செல்வராஜுவுக்கு இந்தக் கேள்விக்காகவே பிறந்த மாதிரி இருந்தது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "முடியும். பெரிய மோட்டாரின் சுவிட்சோடு இதையும் சேர்த்துவிடலாம். தண்ணீர் ஓடினால் மருந்தும் ஓடும், தண்ணீர் நின்றால் அதுவும் நிற்கும். தனி சுவிட்சே கிடையாது. அளவுத் திருகை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம்."

"சாவி?"

"எங்கே வைக்கச் சொல்கிறீர்களோ, அங்கே."

"உன்னிடமே இருக்கட்டும். நீ வந்து அளந்து பார்க்கும்போது மட்டும் திற. இந்தத் தோட்டத்தில் யாரிடமும் வேண்டாம்."

சிவசாமி மெல்லக் கேட்டார். "கோயிலுக்கு மட்டும், மருந்து கலக்கும் இடத்துக்கு முன்னால் தனியாக ஒரு குழாய் எடுத்தால்..."

"இன்று கோயிலுக்கு ஒன்று. நாளை அதிலேயே குடம் வைப்பார்கள், துணி துவைப்பார்கள், பிள்ளைக்குப் பால் கலப்பார்கள். கிடையாது. இன்றே முடித்துவிட்டுப் போ" என்று துரை செல்வராஜுவிடம் சொல்லி எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் செல்வராஜு சிவசாமியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், உங்கள நான் என்னமோ நெனச்சிட்டேன்."

"நெனச்சது பாதி சரிதான்" என்றார் சிவசாமி. "போ, வேலைய முடி."

வீட்டு வாசலில் பரமேஸ்வரி நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கொடுத்த விதத்தில் சிவசாமிக்குக் கண் கலங்கியது. வேலை போனாலும் போகட்டும் என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றியது.

◆

சாயங்காலம் கோயிலில் கூட்டம். பறையும் உடுக்கையும் ஒலித்தன. கூழ் அண்டாவிலிருந்து ஆவி எழுந்தது. செல்வராஜு பம்பு வீட்டு வேலையை முடித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கடைசி வரிசையில் வந்து நின்றான். சாவி சட்டைப் பையில் இருந்தது. தன் வேலையில் அவனுக்குத் திருப்தி. இனி இந்தத் தோட்டத்தில் ஒரு வேளைத் தண்ணீர்கூட மருந்தில்லாமல் வராது.

பூசாரி வெறும் குடத்தோடு கோயில் தொட்டியருகே நின்றார். தொட்டிக்கு மேலே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வாடை லேசாகத்தான் அடித்தது. சரியான அளவுக்கு அவ்வளவுதான் அடிக்கும். ஆனாலும் அடித்தது.

"பெரியம்மா, என்ன செய்யட்டும்?" என்றார் பூசாரி.

தங்கம்மாளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவர் ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தார். கையை உதறினார். சுற்றிலும் பார்த்தார். பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு நின்றார்கள். சில பிள்ளைகள் தாயின் தோளில் துவண்டு கிடந்தன. சந்திரமதியின் இடுப்பிலும் ஒரு பிள்ளை இருந்தது. பவளத்தின் மூத்தது. தாய் பெரியாஸ்பத்திரியில் சின்னதோடு இருந்ததால் அதைச் சந்திரமதி வைத்திருந்தாள்.

தங்கம்மாள் பூசாரியின் கையிலிருந்து குடத்தை வாங்கினார். தானே குழாயில் பிடித்தார். நிரம்பியதும் தூக்கிக் கொடுத்தார்.

"ஊத்துங்க."

"பெரியம்மா..."

"பிள்ளைங்க குடிக்கிற தண்ணிதான். ஆத்தாளும் குடிக்கட்டும். ஊத்துங்க."

அபிஷேகம் நடந்தது. சிவசாமி தாயாரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அம்மாவின் மேல் அளவில்லாத மரியாதை வந்தது. பரமேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செல்வராஜு ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சட்டை போடலாம் என்றுகூட யோசித்துவிட்டான்.

தீபாராதனை முடிந்து, விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு தங்கம்மாள் திரும்பினார்.

"சிவசாமி, ஞாயித்துக்கெழம பரிசம் வேணாம். சொல்லி வுட்டுரு."

"அம்மா!"

"புள்ளைங்களுக்காகத் தண்ணிய வுட்டுக் குடுத்தேன். அது சரி. ஆனா வேண்டுதல் அறுந்துபோச்சு. ஆத்தாளுக்குச் சொன்ன சொல்லைத் தீக்காம எம்பொண்ணு கழுத்துல கயிறு ஏற வுட மாட்டேன். ஒரு தடவ பட்டது போதும். அடுத்த ஆடியில மொதல்லேருந்து ஆரம்பிக்கிறேன்."

"அடுத்த ஆடியிலயும் இதே தண்ணிதான் அத்தே வரும்" என்றாள் பரமேஸ்வரி. "இனிமே நிறுத்த முடியாது. துரை பூட்டச் சொல்லிட்டாரு."

"பூட்டுனது யாரு?"

கூட்டம் தானாக விலகியது. தங்கம்மாள் நடந்து போய் செல்வராஜு முன்னால் நின்றார். குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"ஒரு வருசங்கூட வேணாம்ப்பா. இன்னும் ஒரே ஒரு வெள்ளி. விட்ட ஒண்ணையும் தீத்துட்டா ஆத்தா ஒத்துக்குவா. அடுத்த வெள்ளி ஒரு பொழுது மட்டும் தொறந்து வுடு. மறு ஞாயிறு பரிசம், ஆவணியிலேயே கல்யாணம். பூட்டுனவனுக்குத் தொறக்கத் தெரியாதா?"

செல்வராஜுவின் கை சட்டைப் பைக்குப் போனது. எடுப்பதற்கா, மூடிக்கொள்வதற்கா என்று அவனுக்கே தெரியாது. ஒரு பொழுது. ஒரே ஒரு பொழுது. சொல்லிவிட்டுச் செய்யலாம், லயத்துக்காரர்களைத் தண்ணீர் காய்ச்சிக் குடிக்கச் சொல்லலாம், என்னென்னவோ செய்யலாம். அவன் சந்திரமதியைப் பார்த்தான்.

அவள் பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பேசி முடித்த நாளிலிருந்து இத்தனை பேர் நடுவில் அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாதவள், எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"தொறந்தீங்கன்னா, அப்புறம் என்னைக் கேட்டு வராதீங்க."